நான் அறையில் நின்றால் வராத குரல்

அன்பு மகள் பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

நீ நன்றாக இருக்க வேண்டும், வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும், அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும். இதற்கு அடுத்த வரியில் நாங்கள் இங்கே சௌக்கியம் என்று எழுதுவதுதான் வழக்கம். போனில் அதை வாய் கூசாமல் இத்தனை நாளும் சொல்லிவிட்டேன், எழுத உட்கார்ந்தால் பேனா அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. கடைசி வரி வரைக்கும் படி, நடுவில் நிறுத்திவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டுவிடாதே, காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். மாடி வீட்டு டீச்சர் இந்தப் பக்கங்களைப் படம் பிடித்து அவருடைய போனிலிருந்து உனக்கு அனுப்புகிறார். நம் வீட்டுப் போன் அம்மாவின் தலையணைக்கு அடியில் கிடக்கிறது, அதில் ஒரு எழுத்து வந்தாலும் போனாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். டீச்சரின் போனிலேயே பேசியிருக்கலாமே என்று கேட்பாய். பேசத்தான் நினைத்தேன். உன் நம்பரைப் பாதி அழுத்திவிட்டுப் போனை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

போன தடவை நீ வந்தபோது அந்தக் கட்டைவிரல் அளவு ரேடியோவைக் கணினியில் செருகி, ஜன்னல் கம்பியில் ஒயரைக் கட்டிவிட்டுப் போனாயே, அதிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. நீ கப்பல்காரர்களுக்கு வானிலை வாசிக்கிறாய் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த உன் அம்மா, உங்கள் நிலையம் இணையத்தில் வராது, சிற்றலை ரேடியோவில் மட்டும்தான் வரும் என்று தெரிந்த நாளிலிருந்து ஏங்கிப்போயிருந்தாள். நீ அதை மாட்டிக் கொடுத்த பிறகு அந்தி சாய்ந்தால் அவளை அசைக்க முடியாது. கடலையே பார்க்காதவள், அலை உயரம் இவ்வளவு, காற்று வடமேற்கிலிருந்து என்று நீ வாசிப்பதைக் கோயிலில் நிற்பது போல நின்று கேட்பாள். எதற்கடி உனக்கு அலை உயரம், துணி காயப்போடப் போகிறாயா என்று நான் கிண்டல் செய்வேன். அதுக்கா கேக்கறேன், வரிக்கும் வரிக்கும் நடுவுல அவ மூச்சு விடுறா பாருங்க, அதைக் கேக்கறேன் என்பாள். போனில் நீ எங்களுக்காகச் சிரித்துப் பேசுவாயாம், வானிலை வாசிக்கும்போது உனக்கு நடிக்கத் தெரியாதாம். இன்னைக்கு அவளுக்கு ஜலதோஷம், இன்னைக்கு அவ சாப்பிடல, இன்னைக்கு யாரோ ஏதோ சொல்லிட்டாங்க என்று எனக்குத் தனி வானிலை வாசிப்பாள். நீ பதிவு செய்து அனுப்பியதையும் கேட்டாள், ஆனால் அது நேத்து, எனக்கு இன்னைக்குத்தான் வேணும் என்று சொல்லிவிட்டாள்.

பிறகு ஒரு நாள் கணினி தானாகவே என்னவோ புதுப்பித்துக்கொண்டது, குரல் நின்றுபோனது. டிரைவர் கிடைக்கவில்லை என்று திரையில் எழுதியிருந்தது. காலமெல்லாம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன் முன்னால் வந்து டிரைவர் இல்லை என்கிறதே, எவ்வளவு திமிர் என்று உனக்கு எழுதினேன், நினைவிருக்கும். நீ பொறுமையாகப் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தாய், நானும் தப்பான இடத்தில் இரண்டு தடவை செருகி, சரியான இடத்தில் ஒரு தடவை செருகி, அந்த டிரைவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தேன். உட்கார்ந்ததே தவிர வண்டி நகரவில்லை. சிக்னல் வந்தால் பச்சையாகும் மூன்று சின்ன விளக்கும் திரையில் சிவப்பு. பழைய ரேடியோ என்றால் கரகர என்றாவது இரையும், அந்த இரைச்சலுக்குள் ஒரு சொல், அரைச் சொல் என்று பொறுக்கிக்கொள்ளலாம். இந்த டிஜிட்டல் ஒலிபரப்பு அப்படி இல்லை, வந்தால் முழுதாக வருகிறது, வராவிட்டால் அடியோடு மௌனம். ஜன்னல் ஒயரை நீட்டினேன், குறுக்கினேன், மாடிக் கைப்பிடிச் சுவருக்குக் கொண்டுபோனேன். நீ சொன்னபடி அந்த ரேடியோக் கட்டையைக் கணினியிலிருந்து தள்ளி நீளக் கேபிளில் தொங்கவிட்டேன், போன் சார்ஜரைப் பிடுங்கினேன், டியூப் லைட்டை அணைத்துவிட்டு இருட்டில் தடவிக்கொண்டு நடந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் நீ கேட்டாய், வீட்டில் புதிதாக ஏதாவது மிஷின் வாங்கினீர்களா, பக்கத்தில் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கிறதா, அதிலிருந்து வரும் மின்சார இரைச்சல் சிக்னலை அமுக்கிவிடும் என்று. சரியான கேள்வியைத்தான் கேட்டாய் பாப்பா. ஒன்றும் இல்லையே என்று நான் பதில் போட்டேன்.

இருக்கிறது. அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஓர் ஆக்சிஜன் மிஷின் ஓடுகிறது. அறைக் காற்றை இழுத்து, வடிகட்டி, குழாய் வழியாக அவள் மூக்குக்கு அனுப்புகிறது. உன்னிடம் சளி, சளி என்று சொன்னது சளி இல்லை. அவளுடைய நுரையீரல் நார் நாராகக் காய்ந்துகொண்டு வருகிறது என்று பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கணினி புதுப்பித்துக்கொண்டதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால்தான் அந்த மிஷின் வீட்டுக்கு வந்தது, இரண்டும் ஒட்டி ஒட்டி வந்ததால் நீ கேட்ட பிறகும் நான் பாவம் அந்தக் கணினியையே திட்டிக்கொண்டிருந்தேன். நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் மூக்குக் குழாயைக் கழற்றித் தலையணைக்குப் பின்னால் செருகிவிட்டுத்தான் உன்னிடம் சிரிப்பாள். அவகிட்ட மூச்சு விடக் கூடாது, தெரிஞ்சா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடிவந்துடுவா, வானிலை வாசிக்கிற அந்த நாற்காலியைப் பிடிக்க அவ பட்ட பாடு எனக்குத் தெரியும் என்று என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள். நான் எப்படி மீறுவது.

அப்புறம் திடீரென்று ஒரு நாள் நான் கடைக்குப் போய்விட்டு வந்தால் உன் அம்மா முகமெல்லாம் சிரிப்பாக இருக்கிறாள். வந்துச்சுங்க, முழுசா வந்துச்சு என்றாள். மறுநாள் நான் பக்கத்தில் நின்றேன், வரவில்லை. அவள் யோசித்துவிட்டு, நீங்க நின்னாதான் கெட்டுப்போகுது, உங்க உடம்புல என்னமோ இருக்கு, அந்த அரை மணி நேரம் வெளிய போய் நில்லுங்க என்றாள். நம்பிவிட்டேன். நம்பாமல் என்ன செய்வேன், ஒயரைக் கையில் பிடித்தால் திரையில் சிக்னல் கோடு ஏறுவதையும் இறங்குவதையும் நானே பார்த்தவன், மனுஷ உடம்பும் சிக்னலைக் கெடுக்கும் என்று எழுதியவளும் நீதானே. தினமும் நீ வாசிக்கும் நேரம் வந்தால் நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விடுவேன். சலூன்காரர்கூடக் கேட்டார், என்ன சார், வீட்ல விரட்டிட்டாங்களா என்று. ஆமாம், என்னால என் மகள் குரல் கெட்டுப்போகுதாம் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வருவேன். திரும்பி வந்தால் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும், அவள் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். உன்னைக் கேட்ட நிம்மதி என்று நினைத்தேன். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவியில் எண் நாளுக்கு நாள் இறங்கியது. கால் வீங்கியது. டாக்டருக்குப் புரியவில்லை, மிஷினை ஒழுங்காத்தானே போடுறீங்க என்று என்னைக் கேட்டார். இரவும் பகலும் நிறுத்துவதே இல்லை டாக்டர் என்றேன். அவர் அளவைக் கூட்டிவிட்டார்.

போன வாரம் நான் தெருமுனைக்குப் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. குடை எடுக்கத் திரும்பி வந்தேன். வாசற்படி ஏறும்போதே ஏதோ சரியில்லை என்று தோன்றியது, வீட்டில் அந்த மிஷினின் உறுமல் இல்லை. உன் குரல் மட்டும் கணீரென்று கேட்டது, பக்கத்து அறையில் உட்கார்ந்து நீ வாசிப்பது போல. அறைக்குள் போனேன். மிஷினின் சுவிட்ச் அணைந்திருந்தது, குழாய் அவள் மூக்கிலேயே இருந்தது. தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது பாப்பா. என்னைப் பார்த்ததும் பேச முடியாமல் ஒரு விரலைத் தூக்கினாள், இருங்க, இன்னும் கொஞ்சம்தான் என்பது போல. பாய்ந்து சுவிட்சைப் போட்டேன். உன் குரல் ஒரு சொல்லின் பாதியில் அறுந்துபோனது, மூன்று விளக்கும் சிவப்பாகிவிட்டன. அவளுக்கு மூச்சு திரும்பி வந்ததும் முதலில் சொன்னது என்ன தெரியுமா, கடைசி வரியைக் கேக்க விடாம பண்ணிட்டீங்களே என்பதுதான். என் வாழ்நாளில் அவள்மேல் கை ஓங்கியதில்லை, அன்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். நீ போனில் எழுதிய அந்த மிஷின் கேள்வியை அவளும் படித்திருக்கிறாள், என்னை வெளியே அனுப்பிவிட்டு அவள் செய்துகொண்டிருந்த காரியம் இது. உன்னைக் கேட்பதற்காக அவள் தினமும் அரை மணி நேரம் மூச்சை விட்டுக் கொடுத்திருக்கிறாள், நான் தெருமுனையில் சலூன்காரரோடு அரட்டை அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், நான்கு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது ரேடியோவையும் ஒருவழியாகச் சரிசெய்துவிட்டேன். உன் ரேடியோக் கட்டை மிஷினுக்கு எட்டாத தூரத்தில் மொட்டை மாடியில், டீச்சரின் லேப்டாப்பில் இருக்கிறது. அது பேட்டரியில் ஓடுகிறது. முதலில் அங்கிருந்து போனில் கேட்க வைத்தேன், மூச்சே கேக்கல என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதனால் மாடியிலிருந்து அவள் தலைமாடு வரை ஒரு நீள ஒயரை இழுத்து ஸ்பீக்கரை மாட்டினேன். இப்போது மிஷினும் ஓடுகிறது, நீயும் வருகிறாய். இதை முதலிலேயே செய்திருக்கலாம், உன்னிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் நீயே ஒரு நாளில் வழி சொல்லியிருப்பாய். சத்தியத்தைக் காப்பாற்றினேன், அவளைக் காப்பாற்றவில்லை. டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இனிமே அளவைக் கூட்டிப் பிரயோஜனம் இல்ல, வர வேண்டியவங்க யாராவது தூரத்துல இருந்தா சொல்லிடுங்க என்றார். வர வேண்டியவள் நீ ஒருத்திதான்.

அதனால் வா பாப்பா. நாற்காலி போனால் போகட்டும், அதற்கு அம்மா என்னைத் திட்டினால் நான் வாங்கிக்கொள்கிறேன். உன்மேல் ஒரு பழியும் இல்லை, நீ தெரியாமல் வாசித்தாய், அவள் தெரிந்துதான் கேட்டாள். வரும் வழியில் அழுதுகொண்டே பெட்டியைத் தவறவிடாதே, விமானத்தில் கொடுப்பதைச் சாப்பிடு, வெறும் வயிற்றோடு வந்து நின்றால் உன் அம்மா முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் உன்னோடு இருக்கிறது, அவள் சார்பிலும் நானே சொல்கிறேன். கிளம்பிவிட்டேன் என்று போன் செய்யாதே, அவள்தான் எடுப்பாள். எனக்கு எப்படியும் தெரிந்துவிடும். நான் மாடியில் உட்கார்ந்திருப்பேன், மூன்று விளக்கும் பச்சையாக இருக்கும், உன் நேரத்தில் வேறு யாரோ வானிலை வாசிப்பார்கள். அந்தக் குரல் கீழே போய்ச் சேருவதற்கு முன்னால் ஸ்பீக்கர் ஒயரை நானே பிடுங்கிவிடுவேன். இறங்கி வந்து, இன்னைக்கு சிக்னல் இல்லடி, நான் பக்கத்துல நின்னுட்டேன் போல என்று சொல்லுவேன். அவள் என்னை வாய் ஓயாமல் திட்டுவாள். திட்டட்டும், நான் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு வந்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வேன்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
அப்பா