மாட்டாமல் விட்ட தகடு

சனிக்கிழமை இரவு, ரவுப்.

பட்டணத்திலே பிரிக்பீல்ட்ஸிலிருந்து நேற்றுக் கிளம்பி, லோரியில் மலையேறி, வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்து, இந்தக் காட்டுக்கு வந்தது தங்கை தனத்தையும் அவள் புருஷன் வேலுவையும் கூட்டிப் போகத்தான். தங்கச் சுரங்கம் போதும், ரயில்வேயில் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்ல வந்தேன்.

இங்கே சுரங்கத்தில் இறங்குகிறவன் வாசலில் இருக்கும் பலகையிலிருந்து தன் நம்பர் தகட்டை எடுத்துக்கொண்டு போவான். மேலே வந்ததும் மறுபடி மாட்ட வேண்டும்; மாட்டாவிட்டால் ஆள் இன்னும் கீழேதான் என்று கணக்கு. மாலையில் வேலு மேலே வந்தான். என்னைக் கண்டதும் "மச்சான்!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டான். என் வெள்ளைச் சட்டையெல்லாம் சேறு. பேசிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

இரண்டாவது காப்பி குடிக்கும்போது சுரங்கத்து மேஸ்திரி, மண்டோர், மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றார்.

"அடப்பாவி, இங்கயா இருக்க? தகட்டைக் காணோம்னு ஆறு பேரு உன்னைத் தேடி மறுபடி கீழ போயிருக்காங்கடா!"

வேலு சட்டைப்பையைத் தொட்டான். தகடு அங்கேதான் இருந்தது.

தனமும் வேலுவும் நானும் சுரங்கத்துக்கு ஓடினோம். ஆறு பேரும் மேலே வரும்வரை தனம் என் கையை விடவில்லை. குளித்து முடித்திருந்தவர்கள் மறுபடி சேறாகி வந்தார்கள். அவர்களில் ஒருவன் வேலுவின் மண்டையில் நறுக்கென்று குட்டினான்.

"சோறு ஆறிப்போச்சுலா, மடையா."

அவ்வளவுதான். எல்லாரும் சிரித்தார்கள். தனம் மட்டும் அழுதாள்.

ரயில்வே பற்றி நான் வாய் திறக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் என் அறை இரண்டு நாளாகப் பூட்டிக் கிடக்கிறது. என்னைக் காணோமென்று யாராவது வந்து கதவைத் தட்டியிருப்பார்களா?