அரைஞாண் முடிச்சு

மலாக்கா,
12-7-1934

பெரியநாயகிக்கு,

உன் அப்பாவுக்கு நாளைக் காலை ஆப்பரேஷன். குடலைக் கட்டி ஒன்று அடைத்துவிட்டது. வயிற்றில் ஓட்டை போடுவார்கள்; இனி மலம் அது வழியாகத்தான் வரும். இதை நான் சொன்னதும் என் முகத்தில் துப்பினார். துடைத்துக்கொண்டேன்.

எனிமா கொடுத்தது, மயிர் சிரைத்தது, சோப்புப் போட்டுத் தேய்த்தது எல்லாம் நான்தான். பதினாறு வருஷம் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் வேலை பார்த்தவன், இன்று இரண்டு தரம் வெளியே போய் வாந்தி எடுத்தேன். நாற்றம் மட்டும் காரணமில்லை. "பீ கழுவுற கையால தண்ணி குடிக்க மாட்டேன்" என்று நம் கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து போன மனிதர் இவர்.

ஓட்டைக்கு டாக்டர் குறித்த இடத்தின் மேலேயே அரைஞாண் கயிறு கிடந்தது. கத்தரியை எடுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அறுக்காத மாப்ள. பொணத்துக்குத்தான் அறுப்பாங்க."

அழுக்கேறிக் கல்லாகிப்போன முடிச்சு. நகத்துக்கு அசையவில்லை. குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தேன். அந்த ருசி இன்னும் வாயை விட்டுப் போகவில்லை. யாரிடமும் சொல்லித் தொலைக்காதே.

அவர் கயிற்றை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "வாயக் கொப்புளிச்சிட்டு எனக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டா" என்றார்.

கொடுத்தேன். குடித்தார்.

பிழைப்பாரா என்று கேட்டு எழுதாதே. தோட்டத்து லாரிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அதே லாரியில் ஏறி வா.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்