மேட்டுவீட்டார் வந்த வழி

ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை

இன்று என் மகள் கவிதாவைப் பெண் பார்க்கப் பல்லடத்திலிருந்து வந்தார்கள். அவளும் பையனும் ஒரே பனியன் கம்பெனியில் பழகி, பிடிவாதமாக நின்று வரவழைத்த சம்பந்தம். எங்கள் சாதியில் வீட்டுப் பெயர் ஒன்றாக இருந்தால் ஒரே வம்சம், பங்காளி முறை, கல்யாணம் கூடாது. நாங்கள் ஆற்றங்கரையார், அவர்கள் மேட்டுவீட்டார். அதனால் எல்லோருக்கும் நிம்மதி.

காப்பி குடிக்கும்போது பையனின் அப்பா பெருமையாக ஆரம்பித்தார். "மைசூர்ப் பக்கமிருந்து தறியோட வந்தவங்க அண்ணந்தம்பி ரெண்டு பேருங்க. வெள்ளம் வந்ததும் தம்பி மேட்டுல ஊடு கட்டுனாரு, அது நாங்க. அண்ணன் ஆத்தங்கரையிலயே இருந்துட்டாருங்க."

சொல்லிவிட்டு முறுக்கைக் கடித்தார். என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைக்கவில்லை. அந்த அண்ணன் வழி நாங்கள் என்றால் இது பங்காளிச் சம்பந்தம். கவிதாவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினேன். பூ வைக்க நாள் குறித்துவிட்டுப் போனார்கள்.

கணவரிடமாவது சொல்லிவிடலாம் என்று போனேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"எனக்கும் கேட்டுச்சு. நீ பேசாம இருந்தே, நானும் பேசல. இனி யாரு கேட்டாலும் அந்தக் கதை நமக்குத் தெரியாது."

பக்கத்து அறையில் கவிதா போனில் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கல்யாணத்துக்குள் அந்த மனிதர் இதை இன்னும் யார் யாரிடம் சொல்வாரோ.