தோளுக்குப் பின்னால் விழுந்த கொழுந்து

என்னை ஏசி ஏசியே பல்கலைக்கழகம் வரைக்கும் அனுப்பிவைத்த அஞ்சலை அக்காவுக்கு,

நீ அக்கரையில், இந்தியாவில், ஒரு முகாமில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவோரைக் கண்டு சிரித்தவள் நான். நீ இதைப் படிக்கமாட்டாய். உயிரோடிருந்தபோதும் உனக்குப் படிக்கத் தெரியாது. அதனால் ஊரறியப் பத்திரிகையில் எழுதுகிறேன். யாராவது உனக்கு வாசித்துக் காட்டுவதாக நினைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் உன் லயம், அந்த வரிசை வீடு, இன்னும் நிற்கிறது. உன் ஒற்றை அறைக் காம்பராவில் வேறொரு குடும்பம் இருக்கிறது. கூரைத் தகரத்தை மாற்றியிருக்கிறார்கள். ஒழுகும் இடம் மட்டும் மாறவில்லை. நான் பதுளையில் தனியாக இருக்கிறேன். முழங்கால்கள் போய்விட்டன, நாக்கு அப்படியே இருக்கிறது.

ஒரே தாய் வயிற்றில் பிறந்த நமக்கு இரண்டு நாடுகள் எப்படி வந்தன என்று இளையவர்கள் கேட்கிறார்கள். தோட்டத்துத் தமிழரையெல்லாம் நாடற்றவர்களாக்கிய பிறகு அப்பா இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது நான் சிறுபிள்ளை. அவரோடு சேர்ந்து இலங்கைக்காரி ஆனேன். நீ பதினாறு வயதில் கல்யாணமாகிப் போனவள். அத்தானின் பத்திரத்தில் சேர்க்கப்பட்டாய். அவர் இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தார். உன்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அக்கா.

எழுபதுகளின் நடுவில் ஓர் இளைஞர் வேலைமுகாமுக்காக நான் ஜப்பானுக்குப் போனது உனக்குத் தெரியும். முகாம் முடிந்தபின் ஊர் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டேன். மலைச்சரிவில் தேயிலை வைத்திருந்த ஒரு குடும்பம், தோட்டத்தில் கூடமாட வேலை செய்தால் தங்க இடமும் சாப்பாடும் தருவதாகச் சொன்னது. வீட்டுத் தலைவி ஃபுமி, அவள் கணவன், ஆங்கிலம் தெரிந்த மருமகள் யோகோ. அங்கே துரையும் அவர்கள்தான், கங்காணியும் அவர்கள்தான், கொழுந்து எடுப்பதும் அவர்கள்தான். இதை உனக்கு எழுதியிருந்தால் நம்பியிருக்கமாட்டாய். முகவரி மட்டும் அனுப்பினேன், இதை எழுதவில்லை.

வந்த அன்றே அப்பா என்ன தொழில் என்று கேட்டார்கள். தோட்டத்தில் கூலிவேலை செய்த அப்பாவைப் பள்ளி ஆசிரியர் என்றேன். வெட்கத்தால் சொன்னேன் என்று எழுதினால் கொஞ்சம் அழகாக இருக்கும். வெட்கம்கூட இல்லை, வசதி. முகாமுக்கு என்னோடு வந்திருந்த கொழும்புப் பிள்ளைகளிடம் சொன்ன அதே பொய் வாயில் தயாராக இருந்தது. கையில் மண் ஒட்டிய அந்தக் குடும்பத்திடம் அதைச் சொல்லத் தேவையே இருக்கவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

முதல் கொழுந்து எடுக்கும் பருவம் வந்தது. ஃபுமி ஒரு கூடையை என் இடுப்பில் முன்பக்கமாகக் கட்டிவிட்டாள். நான் தேயிலைச் செடி வரிசைக்குள், நிரையில் இறங்கினேன். பேசிக்கொண்டே எடுத்தேன், கை தன்பாட்டில் ஓடியது. சற்றுக் கழித்துத் திரும்பினால், ஃபுமி எனக்குப் பின்னால் மண்டியிட்டு மண்ணிலிருந்து கொழுந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். பிடி நிறைந்ததும் ஒவ்வொரு முறையும் தோளுக்குப் பின்னால் வீசியிருக்கிறேன். நம் தோட்டத்தில் கூடை முதுகில் தொங்கும்; இங்கே முதுகில் கூடை இல்லை. என் கைக்கு அது தெரியவில்லை. பள்ளி விடுமுறையெல்லாம் உன் நிரையில் உனக்காக எடுத்துக் கொடுத்த கை அது. “பாத்து எடுடி, படிச்சவளே. பொஸ்தகம் பொரட்டுற மாரி பொரட்டாத” என்று நீ ஏசிய கை.

ஃபுமி கொழுந்தை ஊதி மண் போக்கி என் கூடையில் போட்டாள். இது பழகிய கை, யார் பழக்கியது என்று யோகோவின் வழியாகக் கேட்டாள். நிமிர்ந்து நின்று பதில் சொன்னேன்: அப்பாவின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் தோட்டம் இருந்தது, வேலையாட்களைப் பார்த்திருக்கிறேன்.

வேலையாட்கள். அந்தச் சொல்லில் நீ இருந்தாய்.

அடுத்த வாரம் உன் கடிதம் வந்தது. யாரிடமோ சொல்லி எழுதுவித்திருந்தாய். “தங்கச்சி, இந்தியா பாஸ்போட்டு வந்துருச்சு. அடுத்த மாசம் கோச்சி ஏத்துறாங்க. ஒன்னயப் பாக்காம போக மனசு வரல. ஸ்டேசனுக்கு மட்டும் வந்துரு. வேற ஒன்னும் வேணாம்.”

கப்பல் துறைக்குப் போகும் ரயிலில் ஏறுமுன் என்னை ஒருமுறை பார்க்கவேண்டும்; வாழ்நாளில் நீ என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். பயணச்சீட்டு கையில் இருந்தது, நாள்களும் போதும். ஆனால் போகவேண்டும் என்றால் ஏன் என்று சொல்லவேண்டும். கொழுந்து எடுக்கும் என் அக்காவைப் பிறந்த மண்ணிலிருந்து கப்பலேற்றுகிறார்கள் என்று சொன்னால், பள்ளி ஆசிரியர் என்ன ஆவார்? வேறொரு பொய்யாவது சொல்லிவிட்டு வந்திருக்கலாம் இல்லையா? அதற்குக்கூட எனக்குக் கெட்டித்தனம் இருக்கவில்லை. அறுவடை முடியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னை ஏற்றிய நாளில் நான் அந்நியர் தோட்டத்தில் கூலியில்லாமல் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். கூடையில் ஒழுங்காகப் போட அதற்குள் பழகியிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து லயத்துக்கு வந்தேன். பக்கத்துக் காம்பரா இராக்காயி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். விளக்குமாற்றை நிறுத்தவில்லை.

“படிச்சவுக இப்பத்தான் வாறீகளா? தந்தி வந்துருச்சு, தங்கச்சி வந்துகிட்டு இருக்கான்னு ஒங்கக்கா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு நின்னா. புருசன் இழுத்துத்தான் ஏத்துனாரு. நாங்களும் நம்புனோம்ங்க.”

நான் தந்தி அடிக்கவில்லை. ஊர் என்னைத் தூற்றக்கூடாது என்று நீ பொய் சொன்னாய். நானும் பொய் சொன்னவள்தான். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதே.

இரண்டு ஆண்டுக்குள் அத்தானின் தபாலட்டை வந்தது. நீ இல்லை என்று ஒரு வரி. உன்னைப் புதைத்த இடத்தைப் பார்க்க நான் போகவில்லை. காரணங்கள் இருந்தன. எல்லாமே நல்ல காரணங்கள்.

போன மாதம் யோகோ எழுதியிருந்தாள். அவளும் கிழவியாகிவிட்டாள். மாமியார் இறந்து நெடுங்காலம் ஆயிற்று, உங்களிடம் ஒன்று சொல்லாமல் வைத்திருந்தேன் என்று தொடங்கியிருந்தாள். ஊர்க் கடிதம் வந்த அன்று நான் சாப்பிடவில்லையாம். நான் புறப்படக் கேட்பேன் என்று ஃபுமி என் பெட்டியைத் துடைத்து, வழிக்குச் சோற்று உருண்டைகள் பிடித்து வைத்தாளாம். மறுநாளும் புதிதாகப் பிடித்து வைத்தாளாம். “அந்தப் பெண்ணின் சொந்தத்தில் யாரோ தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார்கள், சொல்ல முடியாமல் தவிக்கிறது” என்றாளாம். தாங்களாகக் கேட்டால் நான் அவமானப்படுவேன் என்று வாயை மூடிக்கொண்டார்களாம்.

ஆக, என் பொய்யை யாருமே நம்பியிருக்கவில்லை, அக்கா. ஒருவரும் நம்பாத பொய்யைக் காப்பாற்றவே என்னைப் பார்க்காமல் உன்னைப் போகவிட்டேன். இந்த வயதில் இதைத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்ய?

நீ இருந்தால் “போகுது விடுடி” என்பாய். விடமாட்டேன். மன்னிப்புக் கேட்கவும் மாட்டேன். தருவதற்கு நீ இல்லை, எடுத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. ஒன்று மட்டும் வாக்குத் தருகிறேன். யோகோவுக்கு நாளை பதில் எழுதுவேன். ஃபுமி கேட்ட கேள்விக்கு முதல் வரியிலேயே பதில் இருக்கும்: எனக்குக் கொழுந்து எடுக்கப் பழக்கியவள் என் அக்கா, பெயர் அஞ்சலை, தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். கேட்டவள் செத்துவிட்டாள், நீயும் செத்துவிட்டாய், இதனால் எதுவும் நேராகாது என்று தெரிந்தேதான் எழுதுவேன்.

ஸ்டேசனுக்கு வராத
உன் தங்கச்சி