மிரா சொல்ல வந்தது

செவ்வாய்க்கிழமை.

என்ர ராசா, உங்கள் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்தபிறகு இன்றுதான் எதிர்வீட்டு மிரா வந்தாள். யூகோஸ்லாவியாவில் எல்லாரும் சமமாக வாழ்ந்தார்கள் என்று, அந்த மண்ணை மிதிக்காத நீங்கள், அங்கே பிறந்தவளோடு லிப்டுக்குள் சண்டை பிடித்தீர்கள். "உவ முதலாளிமாரின்ர ஆள்" என்று கதையையும் விட்டீர்கள். நீங்கள் ஏலாமல் கிடந்தபோது பார்க்க வந்தாள். உங்களுக்குப் பிரஷர் ஏறும் என்று நான்தான் கதவடியில் வைத்தே திருப்பி அனுப்பினேன்.

அவளுடைய இங்கிலிசும் என்னுடையதைப் போல அரைகுறைதான். அதனால் விளங்கியது.

"உன்ர மனுசன் சொன்னது பாதி சரி. பள்ளிக்கூடத்தில நாங்கள் எல்லாரும் ஒண்டாத்தான் இருந்தனாங்கள். என்ர அண்ணனை மறியலில பூட்டி வைச்சதும் எங்களை அப்பிடி ஒண்டா வைச்ச அதே கட்சிதான். இதைச் சொல்லத்தான் அண்டைக்கு வந்தனான்."

அவள் போனபின் தேத்தண்ணி குடித்த கோப்பைகளைக் கழுவவில்லை. அன்றைக்கு உள்ளே விட்டிருந்தால், ராசா, மற்றப் பாதியையும் கேட்டிருப்பீர்களா?