ஐந்தாம் நிலையத்தின் உப்பு

இன்று காலை ஆய்வுகூடத்தில் ஒரு மாணவி தண்ணீர்ப் போத்தல்களைத் திறந்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். வாவிச் சேறும் கண்டல் வேரும் கலந்த அந்த மணம் வந்ததும், கையிலிருந்த தாளை மேசையில் வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்து நின்றேன். அது, இளமாணிப் பட்டத்தையும் முதுமாணிப் பட்டத்தையும் சேர்த்து ஐந்தே வருடத்தில் முடிக்கிற விரைவுத் திட்டத்துக்கு இந்த முறை விண்ணப்பித்தவர்களின் பட்டியல். அதில் கையெழுத்துப் போட வேண்டியவள் இப்போது நான். கேட்டால் நீ சிரிப்பாய்.

நீ போய் இரண்டு வருடமாகிறது. உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியதை இப்போதுதான் எழுதுகிறேன்.

அந்தத் திட்டம் பல்கலைக்கழகத்தில் எங்கள் மூன்றாம் வருடத்தில்தான் வந்தது. அறிவித்தல் பலகையின் முன்னால் நின்று இரண்டு பேரும் வாசித்தோம். உன் புள்ளிகள் என்னுடையதை விடக் கூட.

"ரெண்டு பேரும் போடுவம்" என்றேன்.

"நான் போடல்லகா. ஒரு மாரியப் பாத்திட்டு ஆத்தப் பத்தி என்னத்த எழுதுற? எனக்கு ரெண்டு மாரியாவது வேணும்."

"அப்ப உனக்கு வழமையான ஆறு வருசமும் காணாது."

"காணாதுதான்" என்றாய், மிகச் சாதாரணமாக.

வாவியை ஆறு என்றுதான் நீ கடைசி வரை சொன்னாய். விரிவுரை மண்டபத்திலும் அப்படித்தான். உன் அப்பா அதில் வலை போட்டவர். உனக்குத் தோணி வலிக்கத் தெரியும். நான் களுதாவளையில் வெற்றிலைக் கொடிகளுக்கு நடுவே வளர்ந்தவள், எனக்குத் தெரிந்த தண்ணீர் கிணற்றுத் தண்ணீர். முதல் நாள் தோணியில் ஏறி இரண்டு விளிம்பையும் பிடித்தபடி அசையாமல் இருந்தேன். நீ துடுப்பை நிறுத்திவிட்டு, "இப்பிடிப் பிடிச்சா தோணிதான் பயப்பிடும்" என்றாய். அன்றைக்குப் பிறகு எனக்குப் பயம் வரவில்லை.

ஆறு நிலையங்கள் குறித்துக்கொண்டோம். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குக் கிட்ட முதலாவது, தெற்கே படுவான்கரை வயல்களை ஒட்டி கடைசி இரண்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒவ்வொரு நிலையத்திலும் மேல்தண்ணீரும் அடித்தண்ணீரும் எடுத்து உப்பளவு பார்ப்போம். உன் இளமாணி ஆய்வு இறால் குஞ்சுகள் பற்றியது. என்னுடையது முதுமாணிக்கானது, கடலின் உப்பு வாவிக்குள் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்பது. தோணியும் பயணமும் ஒன்று, எழுதுகிற கொப்பியும் ஒன்று.

நான்காம் வருடத்தில் எனக்கு மூச்சுவிட நேரமில்லாமல் போனது. கிழமை நாட்களில் இளமாணிப் பாடங்கள், சனி ஞாயிறில் முதுமாணி வகுப்புகள். இரண்டு பரீட்சைகள் ஒரே மாதத்தில் வந்தன. மாரி தொடங்கியபோது ஒரு நாள் சொன்னேன், இந்தச் சனி என்னால் வர ஏலாது என்று.

"நீ வகுப்புக்குப் போ. தண்ணிய நான் அள்ளிக்கொண்டு வாறன். நான் எப்பிடியும் போகத்தானே வேணும்."

அந்தச் சனியோடு அது நிற்கவில்லை. ஒன்பது மாதம் எனக்காகவும் நீதான் அளந்தாய். மழையில், நெஞ்சு வரை நனைந்து, அட்டைக் கடியோடு திரும்பி வருவாய். எண்கள் இருக்கிற பக்கத்தைப் படமெடுத்து என் தொலைபேசிக்கு அனுப்புவாய். நான் வகுப்பில் இருந்தபடியே அவற்றைக் கணினியில் ஏற்றுவேன். கொப்பியை நீ தந்தபோது அலுமாரியில் வைத்தேன். திறந்து பார்க்க நேரமிருக்கவில்லை. இருந்திருந்தாலும் பார்த்திருப்பேனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. எனக்குத் தேவைப்பட்டவை எண்கள் மட்டும்தான்.

பிறகு, ஐந்தாம் வருட முடிவில், அந்த வாய்மொழிப் பரீட்சை. எங்கள் வருடத்து மாணவர்களில் முதலாவதாக முதுமாணிக்கு நின்றவள் நான் என்பதால் மண்டபம் நிறைய ஆட்கள். நீ கடைசி வரிசையில், ஜன்னல் பக்கம். வெளியிலிருந்து வந்த பரீட்சகர் ஒரு வரைபடத்தில் விரலை வைத்தார்.

"மாரி நடுவில, ஐந்தாம் நிலையத்தில, அடித்தண்ணீர் மட்டும் இவ்வளவு உப்பு. அதே இடத்தில மேல்தண்ணீர் நன்னீர் மாதிரி இருக்கு. இது எப்படி?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஐந்து வருடத்தில் முடிக்கிறவள் தெரியாது என்று சொல்லக்கூடாது என்று எனக்குள் ஏதோ ஒன்று இருந்தது.

"அந்த மாத அளவீட்டை நான் எடுக்கவில்லை, சேர். களத்தில் உதவிய ஒருவர் எடுத்தது. கருவியைச் சரியாகப் பயன்படுத்தாததால் வந்த பிழையாக இருக்கலாம்."

அவர் தலையாட்டினார். "அப்படியென்றால் அதை நீக்கிவிடுங்கள்" என்றார். நான் உன் பக்கம் பார்க்கவில்லை.

முடிந்ததும் வாசலில் நின்றாய். "நல்லாப் பேசின" என்றாய். கொஞ்சம் பொறுத்து, "கொப்பிய நீ பாக்கல்ல, என்ன?" என்று கேட்டாய்.

"ஏன்?"

"ஒண்டுமில்லகா. மறுகா நேரம் வரக்குள்ள பாரு."

உன் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

நாலு நாள் கழித்துத்தான் திறந்தேன். எண்கள் இருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் உன் சிறிய எழுத்தில் இருந்தது: முகத்துவாரம் வெட்டி இரண்டு கிழமை. கடல் உள்ளே வந்துவிட்டது. மேல்தண்ணீர் நன்னீர், அடியில் உப்பு. நம்ப முடியாமல் மூன்று தரம் அளந்தேன், மூன்றும் ஒன்று. வயல்காரர்கள் சொல்வது உண்மை.

உப்பு அவ்வளவு தூரம் ஏறாது என்பதுதான் என் ஆய்வின் முடிவு. வெள்ளத்தை வடிய விட முகத்துவாரத்தை அடைத்திருக்கிற மணலை வெட்டினால் அடியால் உப்பு வருகிறது என்று படுவான்கரையில் வயல் செய்கிறவர்கள் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சொன்னதற்கு ஒரேயொரு சாட்சி உன் அந்த எண். அதைப் பிழை என்று சொல்லி நான் வெட்டியிருந்தேன்.

திருத்திய பிரதியைக் கொடுக்க மூன்று நாள் இருந்தது. அந்த எண்ணைத் திரும்பச் சேர்த்தால் நான்காம் அத்தியாயத்தை முழுதாக மாற்ற வேண்டும், பரீட்சகர் மறுபடி பார்க்க வேண்டும், இன்னும் ஆறு மாதம். வெளிநாட்டில் கலாநிதிப் படிப்புக்குக் கிடைத்த இடம் அதற்குள் போய்விடும். தெரியாமல் செய்தது மண்டபத்தில் செய்தது. தெரிந்து செய்தது என் மேசையில், கொப்பியை மூடி வைத்தபோது. நன்றியுரையில், 'களப்பணியில் உதவிய நண்பர்களுக்கு' என்று ஒரு வரி எழுதினேன். உன் பெயரை எழுதினால் அந்த 'ஒருவர்' யார் என்று பரீட்சகருக்குத் தெரிந்துவிடும், உனக்குத்தான் அவமானம் என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன்.

நீ கதிரவெளியில் விஞ்ஞான ஆசிரியையாகப் போனாய். நான் விமானம் ஏறினேன். தொலைபேசியில் எத்தனை தரம் கதைத்திருப்போம். ஒவ்வொரு தரமும் சொல்ல நினைத்து, உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். ஒரு முறை நீயாகவே, "நான் முதுமாணிய விடல்லகா, கொஞ்சம் சுணங்குது, அவ்வளவுதான்" என்றாய். கடைசி அழைப்பில், "வந்தா ஒரு நாள் ஆத்துக்குப் போவம்" என்றாய். வந்து, தோணியில் வைத்து, முகத்தைப் பார்த்துச் சொல்வதென்று தீர்மானித்தேன். உனக்கு டெங்குக் காய்ச்சல் வந்ததும், ஐந்தாம் நாள் நீ இல்லாமல் போனதும் எனக்கு ஒரே செய்தியில் வந்து சேர்ந்தன.

திரும்பி வந்து விரிவுரையாளரான முதல் மாதமே என் ஆய்வுக்குத் திருத்தம் ஒன்றை எழுதினேன். எண்ணைச் சேர்த்தேன், முடிவை மாற்றினேன், அளந்தவள் நீ என்றும், பிழை என்று நான் சொன்னது பொய் என்றும் எழுதினேன். துறைத்தலைவர் வாசித்துவிட்டு, "பழைய விசயம்தானே, இதை ஏன் இப்ப கிளறுறீங்க?" என்றார். இருந்தும் கையெழுத்திட்டார். நூலகத்தில் இருக்கிற பிரதியில் அதை ஒட்டிவிட்டார்கள்.

போன ஞாயிறு அதன் ஒரு பிரதியோடு உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா கூனி இறால் காயப்போட்டுக்கொண்டிருந்தா. கையைக் கழுவிவிட்டு வந்து தாளை வாங்கி, எழுத்துகளைத் தடவிப் பார்த்தா. நான் செய்ததை முதலிலிருந்து சொன்னேன். அவவுக்கு உப்பளவும் அத்தியாயமும் எவ்வளவு விளங்கியதோ தெரியாது.

"உங்களப் பத்தி அவ ஒண்டும் குறையாச் சொல்லல்ல மகள்" என்றா. "என்ட கூட்டாளி படிச்சி எங்கயோ போயிட்டா எண்டு ஊரெல்லாம் சொல்லுவா."

அவ தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"என்ட புள்ளட பேர் இதில இருக்கா?"

"இப்ப இருக்கு அம்மா."

அவ நிமிர்ந்து என்னைப் பார்த்தா.

"அப்ப முந்தி இருக்கல்லையா?"

"இல்ல" என்றேன்.

அவ உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து தந்தா. குடித்துவிட்டு வந்தேன். பாடம் நடத்தும்போதும், மாணவர்களின் ஆய்வுகளைத் திருத்தும்போதும், 'முந்தி இருக்கல்லையா' என்ற அந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. அது என்னை விட்டுப் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை.