கண்ணாடியைக் கழற்றி மை வைத்த ஞாயிறு

ஜனவரி 21, புதன்

பனி. குன்றத்து மலை பாதிக்கு மேல் காணோம். விறகு ஈரம், வெந்நீர் இல்லை, பச்சைத் தண்ணீரில் குளியல். சரித்திர நோட்டு தைக்கக் கொடுக்க மறந்தாயிற்று.

திருமங்கலத்திலிருந்து அத்தை வந்திருக்கிறார். மல்லிகா அக்காவைப் பார்க்க ஞாயிறு மத்தியானம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வருகிறார்கள். மாப்பிள்ளைக்குச் சொந்தமாக உரக்கடை. பி.காம். போட்டோவும் வந்தது. அக்கா அதை ஒரு தரம் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தாள். அரிசி களையும்போது ஈரக் கையைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம். கப்பலூருக்கு பஸ் ஏறப் போகும்போது செருப்பை மாட்டிவிட்டு, திரும்ப உள்ளே வந்து, இன்னொரு தரம். நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை.

அக்கா கப்பலூரில் போல்ட் கம்பெனியில் டைப்பிஸ்ட். இதற்கு முன் வந்த வரன்கள் ஜாதகத்தோடு போயின. வீடு வரைக்கும் வருவது இதுதான் முதல்.

அத்தையின் நிபந்தனை: கண்ணாடி கூடாது. அனுப்பிய போட்டோவிலும் கண்ணாடி இல்லை. அக்கா மட்டும் இல்லை, நானும் கழற்ற வேண்டும். "ரெண்டு பிள்ளைகளும் சோடாபுட்டின்னா வம்சத்துக்கே கண்ணு கோளாறுன்னு நெனைப்பாக."

அப்பா, என்றைக்காவது தெரியத்தானே போகிறது என்றார்.

"தெரியட்டும்டா. மூணு முடிச்சு விழுந்தப்புறம் தெரியட்டும்."

அம்மா வெங்காயம் உரித்தாள்.

இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன். நானும் கழற்ற வேண்டும் என்றதும் எனக்கு சந்தோஷமாக இருந்தது. அக்காவின் சாக்கில் நானும் மை வைக்கலாம்.

ஜனவரி 22, வியாழன்

அல்ஜீப்ரா டெஸ்ட். சுமார்.

குறிப்பு: மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி, முகம் பார்ப்பதும் கண்ணாடி. எனக்கே குழம்பும். இனிமேல் முகம் பார்ப்பதை சயன்ஸ் புத்தகத்தில் உள்ளபடி ஆடி என்று எழுதுகிறேன்.

சாயங்காலம் ஒத்திகை. எனக்கு ஒரு சாணுக்கு அப்பால் எல்லாம் பஞ்சு. ஆடிக்கு முன்னால் பொருள் எவ்வளவு தூரமோ, பின்னால் பிம்பம் அவ்வளவு தூரம். ஆகவே ஒரு சாணில் என் முகம் தெரிய வேண்டுமானால் அரைச் சாணில் நிற்க வேண்டும். நின்றேன். மூச்சு பட்டு ஆடி வெளுத்துவிட்டது. மூச்சை அடக்கினால் கை நடுங்குகிறது.

கண்ணாடிக்காரர்கள் மை வைக்கும் வழிகள்:
– ஒரு பக்கக் கம்பியை மட்டும் காதில் மாட்டி, மற்றதைத் தொங்க விட்டு ஒரு கண்ணால் பார்ப்பது. நழுவி மைடப்பாவில் விழுந்தது.
– அப்பாவின் சவர ஆடி, பெரிதாகக் காட்டும் பக்கம். இதுதான் உத்தமம். ஆனால் ஒரு கண் மட்டும் யானைக் கண் மாதிரி தெரியும். மற்றது என்ன ஆயிற்று என்று தெரியாது.
– யாரையாவது வைத்துவிடச் சொல்வது. அம்மாவுக்கு நேரமில்லை. அத்தைக்குக் கை முரடு.

அக்காவும் நானும் ஒருவருக்கொருவர் வைப்பது என்று முடிவு. எனக்குத்தான் பவர் கூட. அவளுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றாலும் தெரியும்.

ஜனவரி 23, வெள்ளி

மூக்குப் பிரச்சினை. யாரும் இதை யோசிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினாலும் மூக்கின் இரண்டு பக்கமும் அது உட்கார்ந்த பள்ளம் இருக்கிறது. அவரைக்கொட்டை அளவு, கறுத்து. அத்தைதான் கண்டுபிடித்தார். தேங்காய் எண்ணெய் தேய்த்து, ஞாயிறு வரைக்கும் இரண்டு பேரும் கண்ணாடியைத் தொடக் கூடாது என்று உத்தரவு.

அக்கா கம்பெனியில் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லையாம். மானேஜர் கையெழுத்து எறும்பு மாதிரி. போட்டுக்கொண்டுதான் வேலை பார்த்தாளாம்.

நான் நாள் முழுக்கப் போடவில்லை. போர்டில் இருந்தது ஒன்றும் தெரியாமல் பக்கத்தில் இருந்த பத்மாவைப் பார்த்துக் காப்பி. அவள் போட்ட தப்பும் சேர்த்து. மத்தியானம் வராந்தாவில் ஆயாவைத் தலைமையாசிரியை என்று நினைத்துக் கைகட்டி வணக்கம் சொன்னேன். ஆயா, "நல்லாரு தாயி" என்றது. வகுப்பே சிரித்தது. ஆயா சிரிக்கவில்லை.

பள்ளம் போகவில்லை.

ஜனவரி 24, சனி

அம்மாவும் நானும் ரயிலில் மதுரைக்கு. பூ, பவுடர், சாந்து, வளையல். புது மண்டபத்தில் பொட்டுக் கடைக்காரர் என் மூக்குப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு அம்மாவிடம்: "கண்ணாடி போடுற பிள்ளைக்கு மை எதுக்குக்கா? உள்ள போய் ஒளிஞ்சுக்கிரும்ல." அம்மா, மூத்தவளுக்கு என்றாள். நான் ரிப்பனைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

அவர் சொன்னது விஞ்ஞானப்படி சரி. என் கண்ணாடியின் குழி லென்ஸ் எதையும் சிறிதாகக் காட்டும். என் கண்கள் மற்றவர்களுக்குப் புளியங்கொட்டை மாதிரிதான் தெரியும். இதுவரை ஒருவர்கூட என் கண்ணைப் பற்றிப் பேசியதில்லை. கண்ணாடியைப் பற்றித்தான்.

ஜனவரி 25, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அத்தை இரண்டு கண்ணாடிகளையும் வாங்கித் துவரம்பருப்பு டப்பாவில் போட்டு மூடிவிட்டார். பெஞ்சில் வைத்தால் யார் கண்ணிலாவது படுமாம்.

அக்காவுக்கு நான் மை வைத்தேன். மூக்கோடு மூக்கு இடித்தது. அவள் சிரித்ததில் முதல் தடவை கன்னத்தில் இழுத்துவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி. அவ்வளவு பக்கத்தில் ஒரு கண்தான் தெரியும், இரண்டும் சேர்ந்து தெரியாது. "ரெண்டும் சமமா இருக்கா?" என்று கேட்டாள். சமம் என்றேன். தெரிந்து சொல்லவில்லை.

பிறகு அவள் எனக்கு வைத்துவிட்டாள். மூக்குப் பள்ளத்துக்குப் பவுடரைத் தண்ணீரில் குழைத்துப் பூசினோம். காய்ந்ததும் சுண்ணாம்பு அடித்ததுபோல இருக்கிறது என்று அம்மா வந்து முந்தானையால் துடைத்தாள்.

ஆடியில் தள்ளி நின்று பார்த்தேன். பஞ்சுக்குள் இரண்டு பெரிய கறுப்புக் கண்கள். நன்றாக இருந்தேன்.

மூன்று மணிக்கு மேல் மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, தாய்மாமா. எனக்கு வேட்டி வெள்ளையும் சேலைப் பச்சையும் குரல்களும்தான். கேசரி, வாழைக்காய் பஜ்ஜி, காபி. அக்கா எப்படியோ சிந்தாமல் கொடுத்துவிட்டாள்.

மாப்பிள்ளை, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை அடிப்பீர்கள் என்று அக்காவிடம் கேட்டார். அக்கா சொன்னாள். "அப்ப நான் பேசி முடிக்கிறதுக்குள்ள இவுக அடிச்சு முடிச்சிருவாக போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. அந்தச் சிரிப்பு அவள் வீட்டில் சிரிக்கிற சிரிப்புத்தான்.

பிறகு அப்பா மாப்பிள்ளையையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். அம்மாவும் அத்தையும் அடுப்படியில். கூடத்தில் அந்த அம்மா, அக்கா, நான். அந்த அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, நாடியைப் பிடித்துத் தூக்கி, "சின்னவளுக்கு எம்புட்டுப் பெரிய கண்ணு" என்றார். "மை வச்ச கண்ணு பேசுது பாரு."

காது சூடாகிவிட்டது.

உடனே அடுத்ததாக, எங்களுக்குப் பிடித்திருக்கிறது, பூவை இன்றைக்கே வைத்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறேன், நாலரைக்கு ராகு காலம், அதற்குள் வைக்க வேண்டும் என்றார். "கண்ணு, மணி என்னன்னு பாத்துச் சொல்லு."

கடிகாரம் உள் நிலைக்கு மேலே, அந்த அம்மாவின் முதுகுக்குப் பின்னால். மணி அடிப்பது நின்றுபோன கடிகாரம். எனக்கு அது வெள்ளை வட்டம். நடுவிலிருந்து வலது பக்கம் கீழாக ஒரு கோடு, நாலை நோக்கி. ஒரே ஒரு கோடு. ஸ்டூலைப் போட்டு ஏறினால் தெரிந்திருக்கும். ஆனால் ஏறினால், எனக்குத் தெரியவில்லை என்பது தெரிந்துபோகும். கண்ணைப் பற்றி இப்போதுதான் சொன்னார்கள்.

பெரிய முள் பன்னிரண்டில், பஞ்சில் மறைந்திருக்கிறது என்று கணக்குப் போட்டேன். "நாலு" என்றேன்.

இப்போது புரிகிறது. இரண்டு முள்ளும் ஒன்றின் மேல் ஒன்று. மணி நாலு இருபதைத் தாண்டியிருக்கிறது.

அந்த அம்மா, அப்படியானால் நேரமிருக்கிறது என்று சந்தோஷமாக உட்கார்ந்தார். இன்னொரு காபி வந்தது. அம்மாவிடம் விஷயம் சொல்லி, அம்மா கண்ணைத் துடைத்து, விளக்கேற்றி, தாம்பாளம் தேடி. பிறகுதான் அந்த அம்மா கொண்டுவந்த வாழையிலையைப் பிரித்து மல்லிகைச் சரத்தை எடுத்தார். அக்கா தலையைக் குனிந்தாள். பூ ஜடையில் பட்டுவிட்டது. ஹேர்பின் இன்னும் மாட்டவில்லை. மாப்பிள்ளை வாசலிலிருந்து உள்ளே வந்து, "ஏம்மா, அஞ்சாகப் போகுது, இன்னும் என்ன செய்றீக?" என்றார்.

அவர் கையில் வாட்ச்.

அந்த அம்மாவின் கை நின்றது. பூவை எடுத்து இலையில் வைத்து மடித்தார். இலை மடிகிற சத்தம் கேட்டது. "நாலுன்னுதான தாயி சொன்ன?"

அத்தை, பிள்ளை விளையாட்டுக்குச் சொல்லிவிட்டது என்றார்.

அக்கா தலையை நிமிர்த்தினாள். "வெளையாட்டுக்குச் சொல்லல. அவளுக்குக் கண்ணாடி இல்லாம மணி தெரியாது. எனக்கும் தெரியாது. ரெண்டும் பருப்பு டப்பாவுல இருக்கு."

இதற்குப் பின் நடந்ததுதான் இன்னும் மோசம். அவர்களால் கிளம்ப முடியவில்லை. ராகு காலத்தில் எப்படிப் புறப்படுவது? ஆறு மணி வரைக்கும் எங்கள் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். நான்தான் போய் டப்பாவைத் திறந்து எடுத்து வந்தேன். பருப்புத் தூசி. அக்கா முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு, எழுந்து போகாமல், அதே பாயில் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். நானும் மாட்டிக்கொண்டேன். அப்போதுதான் பார்த்தேன். அக்காவுக்கு இடது கண்ணில் மை இரண்டு பங்கு தடிமன். கண்ணில் அடிபட்டவள் மாதிரி இருந்தாள். அது நான் வைத்தது.

மாமா யூரியா விலை பேசினார். அப்பா ஆமாம் ஆமாம் என்றார். தட்டில் இருந்த பஜ்ஜி எண்ணெய் உறைந்து கிடந்தது. எல்லோரும் அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆறடித்து, அதாவது ஆறானதும், போய்ட்டு வாரோம் என்றார்கள். பூ மடித்த இலை அந்த அம்மாவின் பையில் போனது.

ஜனவரி 26, திங்கள்

பள்ளியில் கொடியேற்றம். மிட்டாய் கொடுத்தார்கள், பத்மாவிடம் கொடுத்துவிட்டேன். மை முழுக்கப் போகவில்லை. அழுதாயா என்றாள். தூசி என்றேன். இதுவும் பொய்.

அத்தை காலை பஸ்ஸில் போய்விட்டார். போகும்போது என் தலையில் கை வைத்து, உன் மேல் தப்பில்லை, டப்பாவில் போட்டது நான்தானே என்றார். அத்தை திட்டியிருக்கலாம். யாரும் திட்டவில்லை. அம்மா எனக்கு ஒரு தோசை அதிகம் போட்டாள்.

சாயங்காலம் மாடியில் துணி எடுக்கும்போது அக்காவிடம் கேட்டேன், அவர் எப்படி இருந்தார் என்று. பாவாடையை உதறி மடித்துக்கொண்டே சொன்னாள். "போட்டோவுல இருந்த மாதிரித்தான். காது மட்டும் கொஞ்சம் பெருசு." அடுத்த துணியை எடுத்துக்கொண்டே, "நல்லாத்தான் இருந்தாரு."

பிறகு, என்னைப் பார்க்காமல்: "நாலுன்னு சொன்னப்ப உன் கொரலே வேற மாதிரி இருந்துச்சுடி. எனக்கு அப்பவே தெரிஞ்சுச்சு. கேட்டிருக்கணும்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று மட்டும் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன். மணி தெரியாதது ஒரு பக்கம். ஒரு நிமிஷம் பெரிய கண்காரியாக இருக்க ஆசைப்பட்டேன் என்று எப்படிச் சொல்வது, அக்காவின் கல்யாணத்துக்கு நடுவில்.

ஜனவரி 28, புதன்

பனி குறைவு. பூகோளம் பாடம் 7 முடிந்தது.

அப்பா பெரியார் பஸ் ஸ்டாண்டில் மாப்பிள்ளையின் மாமாவைப் பார்த்தாராம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுத்தான் சொன்னார்.

"கண்ணாடிக்காக இல்லைன்னு சொல்லச் சொன்னாகளாம். அந்தம்மாவுக்கே படிக்கக் கண்ணாடி உண்டாம். எடுத்த பூவத் திருப்பி மடிச்சாச்சு, அதுக்கப்புறம் மனசு ஒப்பலையாம்."

கண்ணாடிக்காக இல்லை. கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தால் இந்நேரம் பேச்சு முடிந்திருக்கும். பூவுக்காக. பூ மணிக்காக. மணி நான் சொன்னது.

அக்கா, "சரிப்பா" என்றாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். அலமாரியில் போட்டோ இல்லை. எங்கே என்று நான் தேடவில்லை.

ஜனவரி 29, வியாழன்

தண்ணீர் வரவில்லை, கிணற்றுத் தண்ணீர். இன்று தமிழ் டெஸ்ட்.

அக்கா வேலைக்குக் கிளம்பும்போது அப்பாவின் சவர ஆடியை ஜன்னலில் சாய்த்து வைத்து மை இட்டுக்கொண்டிருந்தாள். இதுவரை கம்பெனிக்கு மை வைத்துப் போனதில்லை. வைத்து முடித்து, மேலே கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "சமமா இருக்கா?"

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். தள்ளி நின்றும் பார்த்தேன். "இடது கொஞ்சம் தடிமன்" என்றேன்.

கழற்றித் துடைத்து மறுபடி வைத்தாள். "இப்ப?"

"இப்ப சரி."

"மணி என்ன பாரு, பஸ் போயிரும்."

நான் கண்ணாடி போட்டுத்தான் இருந்தேன். நின்ற இடத்திலிருந்தே முள் தெரிந்தது. ஆனாலும் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கடிகாரத்துக்கு நேராக முகத்தை வைத்து, இரண்டு முள்ளையும் தனித்தனியாகப் பார்த்துவிட்டு, ஏழு பன்னிரண்டு என்று சொன்னேன். அக்கா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.